பக்கத்து சீட்டின் எடை

ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனவர்கள் இதுவரை மூன்று பேர். மற்றவர்கள் தைரியசாலிகள். பெல்ட்டை மாட்டி, ஏற்கெனவே சரியாக இருக்கும் கண்ணாடியை இன்னொரு முறை சரிசெய்து, அவள் சொல்லப்போகும் ஒரே வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள்.

"போகலாம்."

அதற்கு மேல் தேவையில்லாமல் ஒரு சொல் வராது. மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் சிவப்புப் பேனா. முப்பது வருடமாக அந்தப் பேனாவே அவளுக்குப் பெயராகிவிட்டது. வெளியே இரும்புக் கதவுக்கு அருகில் வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வது அவள் காதிலேயே விழும்.

"உனக்கு யாரைப் போட்டிருக்காங்க?"

"சிவப்புப் பேனா."

"சரி, அடுத்த மாசம் நானும் கூட வர்றேன்."

வீட்டிலோ அந்தப் பேனாவுக்குப் பயப்படாத ஒரு ஆள் இருந்தார். அவள் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் தேர்வுக்கு வந்த பேக்கரிக்காரர் அவர். சட்டைக் காலரில் மாவோடு வந்து உட்கார்ந்து, நடுங்காமல் வண்டியை எடுத்து, தெருமுனை ரவுண்டானாவுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் வெளியே வரவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"எந்த வழில போகணும்னு நீங்க இன்னும் சொல்லல. அதான் சுத்திட்டிருக்கேன்."

புது வேலைப் பதற்றத்தில் சொல்ல மறந்தது அவள்தான். ஆனால் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'ரவுண்டானாவில் தேவையின்றிச் சுற்றினார்' என்று ஒரு கட்டம் இருந்தது; அதில் கோடு போட்டாள். அடுத்த தடவை அவர் நிஜமாகவே ஒரு கம்பத்தில் இடித்தார். மூன்றாவது தடவை வந்தபோது தேர்வுக்குப் பணம் கட்டவே இல்லை. கல்யாணம் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு லைசென்ஸ் எதற்கு என்று விட்டுவிட்டார். வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்.

"உன் தப்புக்கு எனக்கு மார்க் போட்டவ நீ." முப்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை அவர் எத்தனை முறை சொன்னார் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. குழம்பில் உப்பு கூடினாலும் இதுதான், சாவி தொலைந்தாலும் இதுதான்.

அந்த வீட்டின் கார் ஷெட்டில் ஒரு பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே சீட்டு, திறந்த கூரை, தரையோடு தரையாக உட்காரும் உயரம். தேர்வுக்கு வரும் பிள்ளைகளின் அப்பாக்களைவிட அதற்கு வயது அதிகம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்தில், சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அவள் அதைக் கண்டுபிடித்தாள். நாலு வருடம் பிரித்து, தேய்த்து, பூட்டி, அது முதன்முதலாக உறுமிய அன்று பேக்கரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அதிலிருந்து ஞாயிறு என்றால் இருவரும் அதில்தான் போவார்கள். பன் பொட்டலம் அவர் மடியில், ஸ்டீயரிங் அவள் கையில்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் முதுகு சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. முப்பது வருடம் மாவு மூட்டை தூக்கிய முதுகு; தண்டுவடத் தட்டு ஒன்று நகர்ந்துவிட்டது. கடையை மருமகனிடம் கொடுத்தார். பச்சைக் காரில் கடைசியாகப் போன அன்று ஒரு வேகத்தடையில் அவர் முகம் வெளுத்துப்போய், "நிறுத்தும்மா" என்று இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் பஸ்தான், அதுவும் நின்றுகொண்டு. உட்கார இடம் கொடுத்தவர்களிடம், "நீங்க உக்காருங்க தம்பி, நான் நின்னாதான் நல்லா இருப்பேன்" என்று சொல்லிச் சொல்லி அந்த வழித்தடத்தில் அவர் பிரபலமாகிவிட்டார்.

ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். சோபா மாதிரி மெத்தென்ற ஒரு காரை வாங்கினால் பச்சைக் கார் போகவேண்டும். போகிற இடமும் தயார். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கையால் மூன்று முறை தோற்று நாலாவது முறை தேறியவர். அப்படியும் அவள்மேல் மரியாதை குறையாத அபூர்வப் பிறவி.

"மேடம், நான் பல்லைத்தான் புடுங்குவேன். உங்க வண்டியைப் புடுங்கிட்டுப் போகமாட்டேன். நீங்களா குடுத்தாதான்," என்பார்.

பங்குனி வெயிலோ மழையோ எதுவுமில்லாத ஒரு சாதாரண நாளில், இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டே அவள் முடிவைச் சொன்னாள்.

"சஸ்பென்ஷன் முழுசையும் மாத்தப் போறேன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் எல்லாம் புதுசு. மாத்திட்டு, வர்ற ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை கடற்கரை வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்க நடுவுல இறங்காம வீட்டுக்கு வந்தீங்கன்னா வண்டி இருக்கும். இறங்கிட்டீங்கன்னா டாக்டருக்கு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு வாசல்ல வந்து நிப்பார்."

"அப்ப பரீட்சை வைக்கிறது நானா?"

"நீங்கதான்."

"உண்மையைச் சொல்லணுமா, பொண்டாட்டின்னு பாத்துச் சொல்லணுமா?"

"நான் உங்களைப் பாத்தா சொன்னேன்?"

அவர் கையை நீட்டினார். அவள் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்து, சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"முப்பது வருஷமாக் காத்திட்டிருக்கேன்மா," என்றார்.

மூன்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. வாரநாட்களில் மாலை வேலை விட்டு வந்ததும் அவள் காரின் அடியில் தவழ்ந்து ஒவ்வொரு துருப்பிடித்த நட்டுக்கும் எண்ணெய் விட்டாள். துரு என்பது பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி. அதட்டினால் உடையும், ஊறவைத்தால் இறங்கி வரும். சனிக்கிழமை காலையில் காரை ஜாக்கில் தூக்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, முன் சக்கரங்களைக் கழற்றினாள். பேக்கரிக்காரர் ஷெட் வாசலில் நின்றபடியே காபி குடித்தார். உட்காருவது அவருக்கு இன்னும் கஷ்டம்.

சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும், சக்கரத்தைப் பிடித்திருந்த மூட்டு 'டப்' என்று விட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். அடுத்தது ஸ்பிரிங். கட்டைவிரல் தடிமனில், தன் இடத்தில் அமுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது.

"நீங்க உள்ள போங்க."

"ஏன்?"

"இது தெறிச்சா கடை வரைக்கும் போகும்."

"மருமகன் இருப்பானே."

"அதான் சொல்றேன். போங்க."

அவர் சமையலறை ஜன்னலுக்குப் போய் அங்கிருந்து பார்த்தார். இரண்டு நீளத் திருகு கம்பிகளைக் கொடுத்து, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று அவள் ஸ்பிரிங்கை மெல்ல மெல்லத் தளர்த்தினாள். எண்ணிக்கொண்டே சுற்றினாள். எண்பத்தாறில் அது ஒரு பெருமூச்சு விட்டுக் கையோடு வந்தது. மறுபக்கத்து ஸ்பிரிங்கும் அப்படியே. பழையவை இரண்டையும் ஷெட் மூலையில் அருகருகே நிறுத்தினாள். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் குட்டை.

"எந்தப் பக்கத்தது அது?" என்று ஜன்னலிலிருந்து குரல்.

"உங்க பக்கத்தது."

"பன்னு வேலை."

"ரெண்டு பன்னு இல்ல, பதினாறு வருஷத்துப் பன்னு."

அவர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது.

புது ஸ்பிரிங்குகள் ஏறின. எண்ணெய் கசிந்து செத்துப்போன பழைய ஷாக் அப்சார்பர்கள் போய்ப் புதியவை வந்தன. ஞாயிறு மாலைக்குள் முன்பக்கம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் பின்பக்கமும் முடிந்தது. மிச்சம் இருந்தது ரப்பர் புஷ்களை இறுக்கும் வேலை மட்டும்தான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் அசையும் இடத்தில் மோதிரம் மாதிரி இந்த ரப்பர்கள் இருக்கும். வண்டி எந்த உயரத்தில் நிற்கும்போது போல்ட்டை முடுக்குகிறோமோ, அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. அதைவிட மேலே போனாலும் கீழே போனாலும் அது முறுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். அதனால் சக்கரம் தரையில் இருக்க, சீட்டில் எடை இருக்கத்தான் முடுக்கவேண்டும். இது அவளுக்கு மனப்பாடம். நாலு சக்கரத்துக்கும் கீழே அகல மரக்கட்டை கொடுத்து வண்டியை இறக்கினாள். அடியில் படுக்கப்போவது அவள். ஆகவே அவள் எடைக்கு வேறு ஏதாவது சீட்டில் வேண்டும்.

"வீட்டுல மாவு எவ்வளவு இருக்கு?"

"உனக்கு எவ்வளவு வேணும்?"

"என் எடைக்கு."

பேக்கரிக்காரர் தராசைத் தொட்டு வருடங்கள் ஆகின்றன. கண்ணால் பார்த்தே சொல்வார். நூறு கிராம் தப்பினால் ஆச்சரியம். அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"அறுபத்து மூணு."

"அறுபத்தொண்ணு."

"நீ என்ன வேணா சொல்லிக்கோ. ஸ்பிரிங்குக்குத் தெரியும்."

இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு, பதின்மூன்று கிலோவுக்கு ஒரு பை. அவளே தூக்கி வந்து ஓட்டுநர் சீட்டில் அடுக்கி, பெல்ட்டும் மாட்டிவிட்டாள். அந்நேரம் அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை கூப்பிட, அவர் உள்ளே போனார். அவள் அடியில் புகுந்து, இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரால் பன்னிரண்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முடுக்கினாள். சரியான அளவு வந்ததும் ஸ்பேனர் 'க்ளிக்' என்று சொல்லும். பன்னிரண்டு க்ளிக். வெளியே வந்து கை துடைத்தபோது, தேர்வில் பாஸ் பண்ணிய பிள்ளைகள் முகத்தில் பார்க்கும் ஒரு களை அவள் முகத்தில் இருந்தது.

"நாளைக்குப் பரீட்சை. இன்னைக்குத் தெருவுக்குள்ள ஒரு ஒத்திகை," என்றாள்.

அவர் கதவைப் பிடித்து, முதலில் ஒரு கால், பிறகு பின்புறம், பிறகு மெதுவாக இன்னொரு கால் என்று தவணை முறையில் உட்கார்ந்தார். பரீட்சை அட்டையும் எடுத்து வந்திருந்தார்.

வண்டி கிளம்பியது. அவள் கைக்கு ஸ்டீயரிங் வழியாக வந்தது புத்தம்புதுச் செய்தி. பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, அடங்கியது, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு பள்ளத்தின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். தேர்வு மைதானத்துச் சிவப்புப் பேனா இதே ஆள்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தியதும் அவர் பேனாவை மூடினார். அட்டையை அவளிடம் நீட்டினார். நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கோடு.

"உன் பக்கம் வெண்ணெய்மா. என் பக்கம் கல்லு."

"ஒரே வண்டிங்க."

"ஒரே வண்டிதான். நீ வேற வண்டியில வந்த, நான் வேற வண்டியில வந்தேன்."

"ரெண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங், ஒரே ஷாக்கு. அது எப்படி உங்களுக்கு மட்டும்..."

"நான் ஃபெயிலாக்கினா காரணம் கேப்பியா? நீ சொன்னியா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இறங்கும்போது கதவின் மேல் அழுந்தப் பதிந்த அவருடைய கைவிரல்கள் வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். சமையலறையில் சுடுதண்ணீர்ப் பை நிரப்பும் சத்தம் கேட்டது. அவள் பானெட்டின் மேல் கை வைத்தபடி நின்றாள். பதினோரு மணிக்கு வாசலில் வந்து நிற்கப்போகிற ஒருவருக்கு இந்தப் பச்சை நிறம் எவ்வளவு பொருந்தும் என்று வேண்டாத ஒரு நினைப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து அவரே வந்தார். பல் டாக்டருக்கு நாளைவரை இருப்புக் கொள்ளவில்லை. சும்மா அந்தப் பக்கமாக நடந்து வந்ததாகச் சொன்னார்.

"தம்பி, வண்டியை எடுங்க," என்று அவள் சாவியை நீட்டினாள்.

"நானா?"

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காரணும்."

டாக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் சிவப்புப் பேனா வந்து உட்கார்ந்ததும் அவர் பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

"மேடம், இது பரீட்சை இல்லல்ல?"

"உங்களுக்கு இல்ல. போகலாம்."

முப்பது வருடம் ஊரார் வண்டியிலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள், தன் சொந்த வண்டியின் பக்கத்து சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்க்கையில் பானெட் வேறு மாதிரி இருந்தது. முன்னாலிருந்த டாஷ்போர்டுப் பெட்டியின் ஓரத்தில், கட்டைவிரல் அழுத்தி அழுத்தி மெருகேறிய ஒரு இடம் இருந்தது. அது யார் விரல் என்று கேட்கவேண்டியதில்லை. தெருவின் முதல் பள்ளம் வந்தது. அவள் தண்டுவடத்தில் யாரோ கதவைத் தட்டியதுபோல் இருந்தது. இரண்டாவது பள்ளத்தில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் இடத்தில் டாக்டர் வெண்ணெயில் போய்க்கொண்டிருந்தார்.

"என்னா சுகம் மேடம்," என்றார்.

"திருப்புங்க."

ஷெட்டுக்கு வந்ததும் கையேட்டைப் பிரித்தாள். எண்ணெய்க் கறையும் மாவுக் கறையும் படிந்த பழைய புத்தகம். அந்தப் பக்கத்தில், இருபது வருடத்துக்கு முன் அவளே சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்ட வரி இருந்தது. புஷ்களை முடுக்கும்போது இரண்டு இருக்கைகளிலும் ஆள் எடை இருக்கவேண்டும்.

இரண்டு இருக்கைகளிலும்.

இரண்டு வருடமாகத் தனியாகவே போய்வந்து, இந்த வண்டிக்கு ஒரு ஆள்தான் என்று கை முடிவு கட்டிவிட்டிருந்தது. மூட்டையை அடுக்கும்போது பக்கத்து சீட்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் காலியாகத் தூக்கிக்கொண்டு நின்ற உயரத்தில் ரப்பர்கள் இறுகிவிட்டன. அவர் உட்கார்ந்ததும் அவை முறுக்கிக்கொண்டு அவர் முதுகோடு மல்லுக்கு நின்றிருக்கின்றன. மூலையில் அந்தக் குட்டை ஸ்பிரிங் நின்றுகொண்டு அவளையே பார்த்தது. இந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

சுடுதண்ணீர்ப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"உங்களை நான் கணக்குல எடுக்கல."

"மூட்டையைப் பாத்தேன். ஒரு பக்கம்தான் இருக்கேன்னு தோணிச்சு. உனக்கு ஏதாவது கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்," என்றார்.

"கேட்டிருக்கலாம்ல?"

"ரவுண்டானாவுல கேட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

டாக்டர் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். பேக்கரிக்காரர் அவர் பக்கம் திரும்பி, உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"டாக்டர் தம்பி, நீங்க அறுபத்து நாலு கிலோ."

"ஆமாண்ணே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாக்கெட்ல இருக்கற சாவி, போனை எல்லாம் வெளிய வச்சுட்டு ஓட்டுற சீட்டுல ஏறுங்க. இவ எடைக்கு நீங்க சரியா இருப்பீங்க. மூட்டையைத் தூக்க இனிமே யாருக்கும் தெம்பில்ல."

"என் எடைக்கு நான் உக்காருறேன்," என்று சொல்லியபடி பேக்கரிக்காரரும் பக்கத்து சீட்டில் தவணை முறையில் இறங்கினார்.

நாலு மரக்கட்டைகளின் மேல் வண்டி. பன்னிரண்டு போல்ட்டும் தளர்த்தியாயிற்று.

"ரெண்டு பேரும் சீட்டுலயே கொஞ்சம் குதிங்க," என்றாள். "ஸ்பிரிங் தன் இடத்துல போய் உக்காரணும்."

"முதுகு?"

"நீங்க மெதுவா ஆடுங்க. டாக்டர் குதிக்கட்டும்."

வெள்ளைச் சட்டை போட்ட பல் டாக்டர் பச்சைக் காருக்குள் எம்பி எம்பிக் குதித்தார். பக்கத்தில் பேக்கரிக்காரர் ஊஞ்சலில் இருப்பவர்போல் ஆடினார். தெருவில் போன இருவர் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலேயே போனார்கள். வண்டி அடங்கியதும் அவள் அடியில் புகுந்தாள். முதல் க்ளிக். இரண்டாவது க்ளிக். தரைத் தகடு மெல்லியது. மேலே பேசுவது அப்படியே கீழே கேட்டது.

"அண்ணே, மேடம் மேல கோபமே வராதா? உங்களையும் ஃபெயிலாக்கினாங்க, என்னையும் ஆக்கினாங்க."

"மைதானத்துல அவ ஒரு வார்த்தை பேசுவாளா?"

"'போகலாம்.' அவ்வளவுதான்."

"வீட்டுலயும் அப்படித்தான் தம்பி. நாள் பூரா வாயை மூடிப் பழகிப்போச்சு. ஆனா இந்த வண்டில ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிச்சா வாய் மூடாது. ஊர்க்கதை, ஆபீஸ் கதை, அவ அம்மா கதை, யார் எப்படி ரிவர்ஸ் எடுத்தான்னு நடிச்சுக் காட்டுவா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பன்னு தொண்டைல சிக்கும். ரெண்டு வருஷமா அதைக் கேக்கல." மேலே சீட்டு ஒருமுறை கிறீச்சிட்டது. "சோபா மாதிரி வண்டி வாங்கலாம். அதுல யார் பேசுவா?"

கீழே ஏழாவது க்ளிக் வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

"என்னம்மா, போல்ட்டு கிட்ட பேசிட்டிருக்கியா?" என்று தரையைத் தட்டினார் அவர்.

"ஒண்ணுமில்ல. கண்ணுல துரு விழுந்துருச்சு."

ஏழு. எட்டு. பன்னிரண்டு வரை அவள் நிதானமாக வந்தாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. டாக்டர் இறங்கி, தன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். நான் இப்ப எனக்கே எதிரா வேலை பாத்தேனா?"

"பாத்தீங்க தம்பி," என்றார் பேக்கரிக்காரர். "நல்லாவும் பாத்தீங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். அவர் மடியில் அட்டை, அட்டையில் புதுத் தாள், கையில் மூடி திறந்த சிவப்புப் பேனா. பன் பொட்டலம் காலடியில். அவர் பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"போகலாம்."

முதல் வேகத்தடை தெருமுனையிலேயே இருந்தது. அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. தேர்வுக்கு வருகிறவர்களுக்கு இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன்."

"பரீட்சகர் பேசக்கூடாது."

"வலிக்குதா?"

"ரோட்டைப் பாரும்மா."

நகரம் முடிந்து சாலை விரிந்தது. ஒட்டுப்போட்ட தார், வேர் எழுப்பிய மேடு, ரயில் பாதைக் குறுக்கு. ரயில் பாதையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சக்கரங்கள் தடதடவென்று கடந்தன. அவர் குனிந்து பன் பொட்டலத்தை எடுத்தார். குனிந்தார். இரண்டு வருடமாகக் கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட அவளைக் கூப்பிட்டவர். அவள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய மற்றதெல்லாம் தானாக வர ஆரம்பித்தது. போன வாரம் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்ட பையன், தேர்வு நடுவில் மாமியார் போனை எடுத்துப் பேசிய பெண், மைதானத்துக் கூம்பை இழுத்துக்கொண்டே அரை கிலோமீட்டர் போய்விட்டு 'நல்லா ஓட்டினேனா?' என்று கேட்ட பெரியவர். ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, மறுகையால் நடித்துக் காட்டினாள்.

"ஒத்தைக் கை," என்று அவர் தாளில் ஒரு கோடு போட்டார். பன் தொண்டையில் சிக்கியது.

கடற்கரையில் இறங்கவில்லை. இறங்கினால் நடுவில் இறங்கியதாகிவிடும் என்று அவர் சட்டம் பேசினார். காரிலேயே உட்கார்ந்து, கூரையில்லாத வண்டிக்குள் உப்புக்காற்று அடிக்க, மிச்சப் பன்னைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

வரும் வழியில் அவள் தன் அம்மாவின் கதை ஒன்றைப் பாதி சொல்லியிருந்தாள். பக்கத்திலிருந்து 'ம்' வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் தலை சீட்டின் மேல் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, மூடாத பேனா சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தது. இரவுகளில் அவர் தூக்கத்துக்குப் புரண்டு புரண்டு படுப்பதை அவள் அறிவாள். ஒரு பள்ளம் வந்தது. அவள் வேண்டுமென்றே அதைத் தவிர்க்கவில்லை. வண்டி இறங்கி ஏறியது. அவர் குறட்டை ஒரு கணம் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மணி பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். ரவுண்டானா வந்தது. அதைத் தாண்டினால் மூன்றாவது வீடு. வாசலில், நல்ல சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் நின்றது தெரிந்தது. வண்டியை நிறுத்தினால் என்ஜின் சத்தம் அடங்கும். அடங்கினால் இவர் விழித்துக்கொள்வார். அவள் வெளியே போகும் வழியை விட்டுவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினாள். டாக்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இரண்டாவது சுற்று. டாக்டர் இரண்டடி முன்னால் வந்தார். மூன்றாவது சுற்றில் அவருக்குப் பக்கத்து சீட்டும், அதில் சாய்ந்திருந்த தலையும் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். கட்டியிருந்த கையை அவிழ்த்து, நெற்றியில் ஒரு சலாம் வைத்தார்.

"அடுத்த தடவை ரப்பர் மாத்தும்போது கூப்பிடுங்க மேடம்," என்று வாயில் கைகுவித்து, ஆனால் தாழ்ந்த குரலில் சொன்னார். "எடை ஏறாமப் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுத் தன் தெருப்பக்கம் நடந்தார்.

நாலாவது சுற்றில், வளைவின் சாய்வில், பேக்கரிக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். அதே பூச்செடிகள், அதே கம்பம், மறுபடியும் அதே பூச்செடிகள்.

"எந்த வழில போகணும்?" என்றார் பாதித் தூக்கத்தில்.

"தூங்குங்க," என்றாள். "நான் இன்னும் சொல்லல."